ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கார்டு: மேலமாசி வீதி அச்சகம்

மதுரை மேலமாசி வீதியில் இருந்து பிரியும் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்த அச்சகம். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு இங்கேதான் கார்டு அடித்தோம். நான் தாய்மாமன். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். எங்களை மாதிரிக் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு மேலூர் பக்கம். தங்கச்சி 2009இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தாள். முத்துமாரி, எஸ்தர் ஆனாள். அவள் வீட்டுக்காரர் குடித்துக் குடித்துச் சாகக் கிடந்தவர். ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு இன்றுவரை அதைத் தொடவில்லை. காசு வாங்கிக்கொண்டு மாறிவிட்டார்கள் என்று ஊரில் பேசினார்கள். நானும் பேசினேன். ஒரு பைசா வாங்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்லப்போனால் கையில் இருந்ததும் போனது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்.சி. அப்புறம் 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. என் மகனுக்கு எஸ்.சி. சான்றிதழ், அவள் மகளுக்கு பி.சி. சான்றிதழ். ஆனால் ஊருக்குள் போனால் இரண்டு பேரையும் ஒரே தெருப் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள்.

என் கோபம் வேறு. எங்களுக்குச் சாமி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கள் அம்மாவே வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டு வந்தவர். வீட்டில் இயேசு படம் மாட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? கருப்பனுக்குப் பொங்கல் வைக்கிற அன்று பிறந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றாளே, அதுதான் தாங்கவில்லை. அவளுக்கோ, பழையதை முழுசாக விட்டால்தான் புதியதைப் பிடித்ததாகக் கணக்கு. அம்மா இறந்தபோது வாய்க்கரிசி போடவில்லை. தள்ளி நின்று அழுதாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த நிலைமையில்தான் இரண்டு பேரும் கார்டு அடிக்கக் கிளம்பினோம். முதலில் போன வேறொரு கடையில், கவுன்டரில் இருந்தவர் "கன்வர்ட்டா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டார். தங்கச்சி முகம் சுருங்கிப்போனது. எழுந்து வந்துவிட்டோம்.

இங்கே இருக்கும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "சி.எஸ்.ஐ.யாம்மா, ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தேயா?" என்பதுதான். அதற்குத் தக்கபடி வார்த்தை மாறும் என்றார். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர் என்றால் ஆண்டவர், தூய ஆவி, திருப்பலி. சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்றால் கர்த்தர், பரிசுத்த ஆவி, ஆராதனை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தாலியே கட்டுவதில்லை, அதனால் மாங்கல்யம் என்ற சொல் தவறிக்கூட வந்துவிடக் கூடாதாம். அவர் தலைக்கு மேலே அலமாரியில் பாம்புப் பஞ்சாங்கமும் வேதாகமமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தங்கச்சி சங்கீதம் என்கிற பைபிள் பகுதியில் ஒரு வசனத்தைச் சொன்னதும் வேதாகமத்தை எடுத்துப் புரட்டி, இடது கை விரலை வசனத்திலும் வலது கை பென்சிலைப் புரூஃபிலும் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். "கர்த்தர்" என்பதில் 'த்'தின் புள்ளி விட்டுப்போயிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை.

சிக்கல் கார்டின் தலைப்பில் வந்தது. எனக்கு "பதினெட்டாம்படிக் கருப்பன் துணை" வேண்டும். அவளுக்கு அது ஆகாது. போதாததற்கு சர்ச்சில் கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை காலை 10.30, சரியாக ராகு காலம் தொடங்குகிற நேரம். எங்கள் சொந்தக்காரர்கள் கார்டைக் கையில் வாங்கியதும் பார்க்கிறது அதைத்தான். பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாய்மாமன் சீருக்குத் தனிக் கார்டு அடிங்களேன். உங்க கார்டுல உங்க சாமி, சீர் கிளம்புற நேரம் 9.15. பாப்பா கார்டுல வசனம், 10.30. ரெண்டும் ஒரே அளவு, ஒரே கலர்" என்றார். எங்கள் பக்கம் தாய்மாமன் தனியாகக் கார்டு அடிப்பது புதுசு இல்லை. எனக்குத்தான் அது தோன்றவில்லை.

கார்டு முனையில் மஞ்சள் தடவுவதற்கும் தங்கச்சி தயங்கினாள். அப்போது பெரியவர் தத்துவ போதகர் கதையைச் சொன்னார். ராபர்ட் டி நொபிலி, இத்தாலிக்காரர், 1606இல் இதே மதுரைக்கு வந்த கத்தோலிக்கச் சாமியார். காவி கட்டி, சந்தனம் பூசி, கிறிஸ்தவனாவதற்குப் பூணூலையும் குடுமியையும் விட வேண்டியதில்லை என்றார். அதை எதிர்த்து ரோம் வரைக்கும் புகார் போனது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். "அது ஆர்.சி.ங்கய்யா" என்றாள் தங்கச்சி. பெரியவர் வற்புறுத்தவில்லை. எனக்கு மஞ்சள், அவளுக்கு வெறும் கார்டு. இப்படி விட்டுவிடத் தெரிந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கடைசியாக என் கார்டை டைப் செய்யும்போது தங்கச்சி பெயரைக் கேட்டார். எஸ்தர் என்ற பெயரை நான் பதினைந்து வருஷத்துக்கு மேலாக வாயால் சொன்னதில்லை. நான் யோசிப்பதற்குள் அவளே, "எஸ்தர் முத்துமாரின்னு போடுங்கய்யா. அண்ணன் கார்டுல அப்பா வச்ச பேரும் இருக்கட்டும்" என்றாள். நான் கொஞ்ச நேரம் சாம்பிள் ஆல்பத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

மற்ற விவரம்: அவளுக்கு 300, எனக்கு 200. கார்டு ஒன்று கவரோடு 22 ரூபாய். நாலு நாளில் தருகிறேன் என்று ஐந்தாம் நாள்தான் கொடுத்தார். சந்துக்குள் வண்டி நிறுத்த இடம் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் பெரியவர் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார். புரூஃப் பார்க்க இரண்டு வீட்டாரும் சேர்ந்தே போங்கள்.