தண்ணீர்க் கட்டுப்பாட்டுக்கு நடுவே ஒரு சொட்டுநீர் கிட்

ஹோஸ் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்ததும் வாங்கிய கிட் இது. 16 மி.மீ. மெயின் குழாய், 4 மி.மீ. சிறு குழாய், மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர்கள், கனெக்டர்கள், ஒரு ஃபில்டர், அவ்வளவுதான் பெட்டியில். கோடை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன், தாராளமாக வாங்கலாம்.

அரை மணி நேரம் ஓடினால் ஒரு செடிக்கு 1 லிட்டர், 20 செடிகளுக்கு மொத்தமே 20 லிட்டர். ஹோஸைத் திறந்தால் இவ்வளவும் ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும், அதிலும் இலைமேலும் வழியிலும் விழுவது வீண். இங்கே வேர்ப்பக்கம் மட்டும் நனைவதால் நடுவில் களையும் அவ்வளவாக வருவதில்லை. தக்காளியும் கத்தரியும் வெயிலில் வாடாமல் நின்றதைப் பார்க்க அத்தனை சந்தோஷம்!

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அந்த 2 லிட்டர், 1 பார் அழுத்தத்துக்கான கணக்கு. குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரு மீட்டர் உயரத்தில் டிரம் வைத்து இணைத்தால் கிடைப்பது 0.1 பார்தான், அப்போது இதே டிரிப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சொட்டும், அதனால் நேரத்தை மூன்று மடங்கு கூட்ட வேண்டும். இதைப் பெட்டியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரு டம்ளரை அடியில் வைத்து அளந்துவிடுங்கள், அதுதான் சரியான கணக்கு. டிரம் மட்டும்தான் உங்களுக்கு வழி என்றால் பிரஷர் காம்பன்சேட்டிங் வகை (அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு விடும்) டிரிப்பர் வேண்டாம், அந்தக் குறைந்த அழுத்தத்தில் அது ஒழுங்காக வேலை செய்யாது. டைமர் தனியாக வாங்குகிறவர்களும் பால் வால்வு வகையாக (ball valve, துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும்) பார்த்து வாங்குங்கள், மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு வகை பெரும்பாலும் அழுத்தம் இருந்தால்தான் திறக்கும்.

குறை என்றால் ஃபில்டர்தான். வலை பெரிய கண்ணாக இருக்கிறது, மண் துகள் உள்ளே போய்விடுகிறது. நான் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண் உள்ள நெருக்கமான வலை) ஃபில்டராக மாற்றிவிட்டேன். உப்புத் தண்ணீராக இருந்தால் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும், கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் கரைந்துவிடும். நெருக்கமாக விதை தூவிய பாத்திக்கு இது சரிப்படாது, அதற்குப் பூவாளிதான்.

அப்புறம், மூடாக்கு போடாமல் இதை ஓட்டாதீர்கள். காய்ந்த இலையோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு, குழாயை அதற்கு அடியில் ஓட்டுங்கள். ஈரம் கூடுதல் நாள் தங்கும், குழாயும் வெயிலில் வெடிக்காது.