ஃபீனிக்ஸும் கோண்டா-ஃபோர்ஜும்: ஆறு வருட அனுபவம்

வெப்பப் பரவல், உலோகத் தகடு வளைவது போன்ற கணக்குகளுக்கு நான் நம்பியிருப்பது ஃபீனிக்ஸ் (FEniCS) என்ற மென்பொருள். சமன்பாட்டைத் தாளில் எழுதுவதுபோலவே பைத்தானில் எழுதிவிடலாம். ஆனால் அதற்கு அடியில் பெட்ஸி (பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்ப்பது), எம்பிஐ (பல பிராசஸ்கள் ஒன்றோடொன்று பேச உதவுவது), எச்டிஎஃப்5 (தரவைக் கோப்பாகச் சேமிப்பது) என்று ஒரு நூலகப் பட்டாளமே இருக்கிறது. முதல் தடவை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய மூன்று நாள் ஆனது. எச்டிஎஃப்5-ஐ வேறொரு எம்பிஐயோடு கட்டியிருக்கிறேன் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. திரும்ப முதலிலிருந்து.

அதற்குப் பிறகுதான் கோண்டா-ஃபோர்ஜுக்கு வந்தேன். கோண்டா என்ற நிறுவல் கருவிக்காக, முன்பே கட்டிவைத்த மென்பொருள் தொகுப்புகளைத் தரும், 2015-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய களஞ்சியம் இது. லினக்ஸ் மேசைக் கணினியிலும் மேக் மடிக்கணினியிலும் ஒரே வரிக் கட்டளைதான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரூட் (நிர்வாகி) அனுமதிகூட வேண்டாம். காரணம் ஓர் அழகான நுட்பம்: தொகுப்பைக் கட்டும்போதே 255 எழுத்து நீளத்துக்கு ஒரு பொய்யான கோப்புறைப் பாதையை உள்ளே வைத்துவிடுகிறார்கள். நம்மிடம் நிறுவும்போது அதன்மேல் உண்மையான பாதை எழுதப்படுகிறது. பைனரியின் நீளம் மாறக்கூடாது என்பதால் மிச்ச இடம் பூஜ்ய பைட்டுகளால் நிரம்பும். இதைப் படித்த அன்று மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

எந்தத் தொகுப்போடு எந்தப் பதிப்பு பொருந்தும் என்று கண்டுபிடிக்கும், அதாவது சார்புகளைத் தீர்க்கும் வேகம் முன்பு பெரிய குறை. கோண்டாவின் 23.10 பதிப்பில் லிப்மாம்பா அந்த வேலைக்கான இயல்பு சால்வர் ஆனதும் அது தீர்ந்தது.

கிளஸ்டரில் (பல கணினிகள் இணைந்த அமைப்பில்) மட்டும் கவனம் வேண்டும். ஒருமுறை 64 பிராசஸ் கேட்டு வேலை அனுப்பினேன். 64-ம் தன்னைப் பூஜ்யமாவது ரேங்க் (முதல் பிராசஸ்) என்று நினைத்து, ஒரே முழுக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தன. கோண்டா கொண்டுவந்த எம்பிஐ ஒன்று, கிளஸ்டரின் லாஞ்சர் (வேலையைத் தொடங்கிவைக்கும் நிரல்) எதிர்பார்த்தது வேறொன்று. இதற்கு வழி உண்டு. எம்பிஐயின் ஒரு வடிவமான எம்பிச்சில் (MPICH) 'எக்ஸ்டர்னல்' என்ற வகையைக் கேட்டால் வெறும் இடம்பிடிப்பான்தான் வரும்; ஓடும்போது கிளஸ்டரின் சொந்த எம்பிஐ பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே ஏபிஐ (ABI, பைனரி இடைமுகம்) குடும்பமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்தந்தச் செயலிக்கேற்ப எல்லாவற்றையும் கட்டியாக வேண்டுமென்றால் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த ஸ்பேக் என்ற நிறுவல் கருவி நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உண்டு.

கட்டுரை அனுப்புவதற்கு முன் எல்லாத் தொகுப்புகளின் துல்லியமான பதிப்புகளையும் குறித்துவைக்கும் கோண்டா-லாக் கோப்பு ஒன்றை எடுத்து வைப்பது இப்போது எனக்குப் பழக்கம். இரண்டு வருடம் கழித்து ஒரு மதிப்பாய்வாளர் பழைய வரைபடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். அதே பதிப்புகள் இறங்கின, அன்று மாலையே படம் தயார்.