ஃபோர்க் வேலைக்கு 26,500 ரூபாய்: பழைய வண்டி வைத்திருக்கும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு

பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. காரைக்குடியில் பழைய வண்டி வேலை பார்க்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் ஏமாந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், அது எந்த ஊரில் நடந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

வண்டி பிஎஸ்ஏ எம்20, இங்கிலாந்தில் செய்த பழைய மோட்டார் சைக்கிள். ராணுவ டிஸ்போசலில் வந்ததை ஐயா யாரிடமோ வாங்கியிருக்கிறார். அவருக்குப் பிறகு பள்ளத்தூர் வீட்டு இரண்டாங்கட்டில் நெல் குதிருக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் சும்மா நின்றது. இரண்டாம் உலகப் போருக்காக 1,26,000 வண்டி செய்தார்கள் என்பார்கள். அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டது. 500 சிசி, சைடு வால்வு. எஞ்சினை நானும் மச்சானும் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுப்பிவிட்டோம். சிக்கல் எல்லாம் ஓட்டத்தில்தான்.

இந்த வண்டிக்குப் பின்னால் ஷாக் கிடையாது. சக்கரம் நேரே ஃபிரேமில் முடுக்கியிருக்கும். ஹார்ட்டெயில் என்று இப்போதைய பையன்கள் ஆசையாகச் சொல்வது இதைத்தான். முன்னால் இருப்பது கர்டர் ஃபோர்க். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம், அதை வண்டித் தலையோடு இணைக்க மேலும் கீழும் லிங்க், லிங்க் அசைய அச்சாக நாலு ஸ்பிண்டில், நடுவில் ஒரே ஒரு ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்க எண்ணெய் எதுவும் இல்லை; லிங்க் ஓரத்தில் உராயும் தட்டுகளும் அவற்றை இறுக்க ஒரு குமிழும்தான். ஸ்பிண்டிலும் அது சுழலும் உலோக வளையமான புஷ்ஷும் தேய்ந்தால் முன்பக்கம் பாத்திரக் கடை மாதிரி சத்தம் போடும். எங்களுடையது போட்டது.

பட்டறைக்காரர் முதலில் சொன்னது வேறு. "தம்பி, இந்த இரும்புக் கூட்டைத் தூக்கிப் போட்டுட்டு புல்லட் ஃபோர்க் மாட்டிருவோம். மெத்தையில போற மாதிரி இருக்கும்." வேண்டாம் என்றேன். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தில் இருப்பவன் எப்படி ஃபோர்க்கை மாற்றுவது?

"சரி, அப்ப இதையே செஞ்சு தர்றேன். முன்னாடி சரியாச்சுன்னா பின்னாடி குலுக்கலும் தன்னால அடங்கிரும்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பின் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி ஃபிரேம் வழியாக நேரே சீட்டுக்குத்தான் வரும். முன் ஃபோர்க்குக்கு அதில் வேலையே இல்லை. அந்த அடியை வாங்கிக்கொள்ள டயர் காற்றும் சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கும் மட்டும்தான் உண்டு. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன், நல்ல செய்தியை யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்?

கணக்கு இப்படி: புது ஸ்பிண்டில் 4, கன்மெட்டல் புஷ் செட், உராயும் தட்டு, ஸ்பிரிங்குக்குச் சூடுபடுத்தி விறைப்பேற்ற (டெம்பர்) திருச்சிக்கு அனுப்பும் செலவு, கூலி. மொத்தம் 26,500. பில் கேட்டேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏழு வாரம் கழித்து வண்டி வந்தது. கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது, சத்தம் சுத்தமாக இல்லை. முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஒரு பிளேயும் (தளர்ந்த ஆட்டம்) இல்லை. மகிழ்ச்சியாகக் கிளம்பினேன். கோட்டையூர் தாண்டுவதற்குள் இரண்டு மணிக்கட்டும் விண்ணென்று வலித்தது. வேகத்தடையில் ஏறினால் முன் சக்கரம் கல்லில் மோதியதுபோல் எகிறுகிறது. பள்ளத்தூர் வந்து சேரும்போது ஹெட்லைட் வளையமே கழன்று தொங்கியது. பின்பக்கம் முன்பிருந்த அதே குலுக்கல். முன்பக்கமும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் முகப்பில் வைத்து டேப் எடுத்தேன். இதை யாரும் வீட்டில் செய்யலாம். முன் சக்கர அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில்பார் வரை அளக்க வேண்டும். முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து ஒரு அளவு, ஆள் உட்கார்ந்து ஒரு அளவு. நல்ல ஃபோர்க் என்றால் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வரும். மச்சான் குனிந்து அளந்தான், நான் உட்கார்ந்தேன். 78 கிலோ ஆள் நான். வித்தியாசம் 3 மில்லிமீட்டர்.

புதுவயலில் அரிசி ஆலைகளுக்குப் புஷ் கடைந்து கொடுக்கும் ஒரு லேத்காரரைப் பிடித்தோம். வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இரும்பைப் பற்றித் தெரியும். லிங்க் ஓரத்தில் பல் வெட்டிய வாஷர் ஒன்று இருக்கும். ஸ்பிண்டில் சரியாக முடுக்கியிருந்தால் அதை விரலால் திருப்ப முடிய வேண்டும். எங்களுடையதை அவர் பிளேயர் போட்டுத் திருகியும் அசையவில்லை. கழற்றினால் உள்ளே அதே பழைய ஸ்பிண்டில். ஒரு பக்கம் அரைவட்டமாகத் தேய்ந்த தடம் அப்படியே இருந்தது, மேலே கெட்டியாகக் கிரீஸ். புஷ்ஷும் பழையது. பிளே தெரியாமலிருக்க இரண்டு இடத்தில் கூடுதல் வாஷர் வைத்து, அது நழுவாமல் லிங்கோடு ஆர்க் வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். உராயும் தட்டு துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஃபோர்க் வேலை செய்யவே முடியாதபடி இறுக்கி, அதற்குப் பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார் பட்டறைக்காரர். சத்தம் வராததற்கு அதுதான் காரணம்.

"இதுக்கு எவ்வளவு குடுத்தீக?" என்று கேட்டார் லேத்காரர். சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு டீ சொல்லிவிட்டார்.

ஸ்பிரிங் விஷயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த கர்டர் ஸ்பிரிங் பீப்பாய் மாதிரி, நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியிருக்கும். இப்போது வண்டியில் இருந்தது மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம். மகள் பொங்கலுக்கு வண்டியில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று போனில் இருந்தது. அதில் பீப்பாய் ஸ்பிரிங் தெளிவாகத் தெரிகிறது.

படத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"எங்க ஸ்பிரிங் எங்கண்ணே?"

"அதான் தம்பி இது. டெம்பர் ஏத்துனா ஷேப் மாறும்."

"பீப்பா குழாயா மாறுமா?"

"போட்டோவுல என்ன தெரியும்? நிழலு."

ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் 6,000 ரூபாயைக் கையில் திணித்து, வேலை இருக்கிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். சிவகங்கையில் மாவட்ட ஆணையம் இருக்கிறது, மனுப் போடலாம்தான். ஆனால் என்னிடம் இருப்பது முருகன் படம் போட்ட காலண்டர் தாள், அதில் கையெழுத்துகூட இல்லை. பில் போடாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு உதிரிப் பாகத்தையும் படம் எடுங்கள், பழைய பாகம் அத்தனையும் சாக்கில் போட்டுத் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் வீடு வீடாகக் கழன்று போன கதை எல்லாருக்கும் தெரியும். பழைய வண்டிச் சாமானுக்கும் இப்போது அதே கிராக்கி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேத்காரர் ஸ்பிண்டிலும் புஷ்ஷும் புதிதாகக் கடைந்து, வெல்டிங் பொட்டை ராவி எடுத்து, 7,200 வாங்கினார். பீப்பாய் ஸ்பிரிங் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தட்டுக் குமிழைக் கையால் இறுக்கும் அளவோடு விட்டோம். டேப்பில் இப்போது 22 மில்லிமீட்டர் காட்டுகிறது. பின்பக்கத்துக்குச் செய்தது இரண்டே வேலை: சீட்டு ஸ்பிரிங் ஒன்று விரிசல் விட்டிருந்தது, ஜோடியாக மாற்றினேன்; 35 அடித்திருந்த பின் டயர் காற்றை 22க்கு இறக்கினேன். அதற்கும் கீழே போனால் பள்ளத்தில் ரிம் அடிவாங்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் வரை போய் வந்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மணிக்கட்டு வலிப்பதில்லை.

பழைய ஸ்பிரிங்கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மேல் முனைச் சுற்றில் பச்சைப் பெயிண்ட் தீற்றல் ஒன்று இருக்கும். ஐயா வீட்டுச் சன்னலுக்கு அடித்தபோது மிச்சமிருந்த பெயிண்டில் அடையாளத்துக்கு வைத்தது. மகள் எடுத்த படத்திலும் தெரிகிறது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளிலோ யாராவது சேர்த்துவைத்திருக்கும் வண்டியிலோ கண்ணில் பட்டால் சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.