எடைக்கு வாங்கிய கை மோல்டிங் மெஷின்: நாலு வருஷம் ஓட்டிய பிறகு

கிரைண்டர் மோட்டார் தேடி கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைக்குப் போன இடத்தில்தான் இதைப் பார்த்தேன். துருவேறிய வார்ப்பிரும்பு உடம்பு, பக்கவாட்டில் முழங்கையைவிட நீளமாக ஒரு கைப்பிடி, நடுவில் கரி பூசிய உருளை. "இதென்ன, முறுக்குப் புழியற மெஷினா?" என்று கூட வந்த மச்சான் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. வேலை ஏறக்குறைய அதேதான், மாவுக்குப் பதில் பிளாஸ்டிக். ஒரு அவுன்ஸ் மெஷின், அதாவது ஒரு அழுத்துக்கு 28 கிராம் வரை உருகிய பிளாஸ்டிக்கை டைக்குள், அதாவது அச்சுக்குள், தள்ளும். கடைக்காரருக்கு அது வெறும் இரும்பு. 92 கிலோ, கிலோ 45 ரூபாய், மொத்தம் 4,140. ஆட்டோ கூலி தனி.

வீட்டில் பிரித்துப் பார்த்தபோது கைப்பிடியின் சுழற்சியை அழுத்தமாக மாற்றும் பல் சட்டமும் (ரேக்) பல் சக்கரமும் (பினியன்) நன்றாகவே இருந்தன. அந்த உருளைக்குள், அதாவது பேரலுக்குள் மட்டும் பழைய பிளாஸ்டிக் கல்லாகி உட்கார்ந்திருந்தது. அதன் நடுவே ஏதோ இரும்புத் துண்டு மாட்டிக்கொண்டு அடைப்பதாக நினைத்து, சுத்தியலும் உளியுமாக இறங்கிவிட்டேன். நல்லவேளை, நாலு தட்டோடு நிறுத்தினேன். அது அடைப்பு இல்லை, டார்பிடோ. பிளாஸ்டிக்குச் சூடு ஏறுவது ரொம்ப மெதுவு. 25 மில்லிமீட்டர் அகலத் துளையில் குருணையை நிரப்பி வெளியிலிருந்து சுட்டால், ஓரம் உருகிக் கருகும், நடு அப்படியே கிடக்கும். அதனால்தான் நடுவில் மீன் வடிவத்தில் ஒரு இரும்பை வைத்து, பிளாஸ்டிக்கைச் சுவரோரமாக மெல்லிய படலமாக ஓட வைக்கிறார்கள். ஸ்குரூ வைத்த பெரிய மெஷின்களில் ஸ்குரூவே அரைத்துக் கலக்கிவிடும், இது தேவையில்லை.

பேரலைச் சுத்தம் செய்ய கேஸ் டார்ச் பிடிக்கலாம் என்று ரெண்டு பேர் யோசனை சொன்னார்கள். செய்யவில்லை. ஒரு பக்கமே சூடேறினால் துளை கோணிவிடும். அதைவிட, முன்பு ஓட்டியவர் உள்ளே என்ன போட்டார் என்று யாருக்குத் தெரியும்? பிவிசியாக இருந்தால் கருகும்போது ஹைட்ரோ குளோரிக் அமில ஆவி கிளம்பும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஹீட்டரிலேயே மெதுவாகச் சூடேற்றி, பித்தளைக் கம்பியால் சுரண்டி எடுத்தேன். மேலே பச்சை, அதற்குக் கீழே ரத்தச் சிவப்பு, அடியில் வெறும் கரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பழைய வயர்களின் மேல் சுற்றியிருந்த வெள்ளைக் கயிறு அஸ்பெஸ்டாஸ் மாதிரி தெரிந்ததால் உலர்ந்தபடி தொடவே இல்லை. தண்ணீரில் நனைத்து, மாஸ்க் போட்டு எடுத்து, ரெண்டு உறையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன். பழைய மெஷின் வாங்குபவர்கள் இதில் அசட்டையாக இருக்க வேண்டாம்.

அடுத்து மின்சாரம். பேரலைச் சுற்றி வளையமாக மாட்டும் 250 வாட் பேண்ட் ஹீட்டர் ரெண்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்று, முறையான எர்த். மெஷினோடு வந்த தெர்மோகப்பிள், அதாவது ரெண்டு வேறு உலோக வயர்களை இணைத்துச் சூட்டை அளக்கும் சென்சார், நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் என்னை அலைக்கழித்தது அதுதான்.

கன்ட்ரோலரில் 220 டிகிரி வைத்து பாலிபுரொப்பிலீன் போட்டேன். கைப்பிடியில் தொங்கினாலும் இறங்கவில்லை. வந்ததும் பாதி டைக்கு மேல் நிரம்பவில்லை. பட்டறைக்காரர்கள் "ஷார்ட்" என்பார்களே, அதேதான். பிளாஸ்டிக் வெளியேறும் மூக்கின் (நாசில்) துளை சின்னது என்று பெரிதாக்கினேன். பிளாஸ்டிக்கைத் தள்ளும் தண்டு (பிளஞ்சர்) தேய்ந்துவிட்டது என்று கணபதி ஏரியா லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கினேன். ஹீட்டரைக்கூட மாற்றினேன். சூட்டை இன்னும் ஏற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும், ஆனால் கருகிவிடும் என்ற பயம். ஒருநாள் கைப்பிடிக்குள் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி இழுத்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். பினியனில் ஒரு பல் காலி.

பல் உடைந்ததைச் சரிசெய்யக் கொண்டுபோன இடத்தில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மில் எலக்ட்ரீஷியன், கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏனுங்க தம்பி, சென்சார் ஜே-யா, கே-யா?" கே என்றேன். அதன் உறையில் 'எஃப்இ-கே' என்று பொறித்திருந்ததைப் பார்த்துத்தான் கன்ட்ரோலரில் கே டைப் தேர்ந்தெடுத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டு, வயர் முனையில் ஒரு காந்தத்தைக் காட்டினார். ஒரு வயர் பச்சக்கென்று ஒட்டியது. எஃப்இ என்றால் இரும்பு, கே என்றால் கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலவை. ரெண்டும் சேர்ந்தால் ஜே டைப். கே டைப் என்பது குரோமல், அலுமல் என்ற வேறு ரெண்டு உலோகக் கலவைகள். அந்தப் பழைய முத்திரையில் இருந்த ஒரே எழுத்தை நம்பி நான் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கொதிக்கிற தண்ணீரில் சென்சாரை விட்டேன். 120 காட்டியது! சும்மா இருக்கும்போது அறைச் சூட்டைச் சரியாக 30 என்றே காட்டும், அதனால் சந்தேகமே வந்ததில்லை. கணக்குப் போட்டால், திரையில் 220 ஓடும்போது உள்ளே 170 சொச்சம்தான். பாலிபுரொப்பிலீன் உருகத் தொடங்குவதே 165-ஐ ஒட்டி. அரைவேக்காட்டு மாவை முறுக்கு அச்சில் பிழிந்திருக்கிறேன். செட்டிங்கை ஜே-க்கு மாற்றிய அன்றே முதல் முழுத் துண்டு விழுந்தது. மறுபக்கம் மாறியிருந்தால், அதாவது கே சென்சாருக்கு ஜே செட்டிங் வைத்திருந்தால், திரை காட்டுவதைவிட உள்ளே சூடு ஏகத்துக்கு எகிறியிருக்கும். அந்த வகையில் என் தப்பு பாதுகாப்பான தப்பு.

இந்த நாலு வருஷத்தில் அதிகம் செய்தது எங்கள் பழைய மிக்ஸிக்கும் பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனுக்கும் திருகு குமிழ், பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடிக்குப்பி, தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்க்கு அடைப்பான். கடையில் கிடைக்காத சாமான் என்றால் மட்டுமே டை வெட்டுவது லாபம். அலுமினிய டை ஒன்றுக்கே மெஷினின் விலையைவிட அதிகம் கொடுத்தேன். முதல் குமிழில் துளைக்குச் சரியாக 6 மில்லி கம்பி (பின்) வைத்தேன், ஆறியதும் சுருங்கித் தண்டில் ஏறவே இல்லை. பாலிபுரொப்பிலீன் ஒன்று முதல் ரெண்டரை சதவீதம் வரை சுருங்கும். பின்னை 6.1 ஆக்கியதும் கச்சிதம். அதே டையில் பாலிஸ்டைரீன் போட்டால் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது, துளை லொடலொடக்கும்.

இதனால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். 60 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால், பினியன் ஆரம் 2.5 செ.மீ. என்பதால் பிளஞ்சரில் 480 கிலோ. துளைப் பரப்புக்கு வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ. பெரிய மெஷின்கள் இதைப்போலப் பத்து மடங்கு கொடுக்கும். ஆகவே மெல்லிய சுவர், நீளமான பொருள் எல்லாம் வராது. சூடேற அரை மணி நேரம். அதன்பின் மணிக்குப் பதினைந்து உருப்படி விழுந்தால் நல்ல நாள். பத்து அழுத்துக்குப் பிறகு டையே கொதித்துவிடும், இரும்புத் தகட்டில் வைத்து ஃபேனைத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். பிசிறு சீவ ஒரு பழைய பிளேடு போதும்.

பெரிய ரிப்பேர் ஒன்றுதான். ரெண்டாம் வருஷம் கன்ட்ரோலருக்கும் ஹீட்டருக்கும் நடுவில் இருந்த சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச், செத்துப்போனது. அது சாகும்போது அநேகமாக ஆன் நிலையிலேயே சாகும் என்பது அன்றுதான் தெரிந்தது. கரிந்த வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் 290. இப்போது வரிசையில் தனியாக ஒரு தெர்மோஸ்டாட், 260-இல் தானாகவே கரண்ட்டை வெட்டும். நாசில் அடைத்திருக்கும்போது கைப்பிடியைத் தூக்கினால் மேலே இருந்து கொதிக்கும் பிளாஸ்டிக் துப்பும் என்பதால் முகக் கவசம் இல்லாமல் பக்கத்தில் போவதில்லை. மச்சானுக்கு இதில் வலது முழங்கையில் ஒரு தழும்பு உண்டு.

மெஷின், லேத் வேலை, ஹீட்டர், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய் ஆனது. அதில் பாதிக்கு மேல், அந்த ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்ததால் தேவையில்லாமல் மாற்றிய சாமான்களுக்குப் போனது. பெரிதாக்கிக் கெடுத்த பழைய நாசில் இப்போது மேஜைமேல் பேப்பர் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.