ஃபார்மட் அடித்தும் தீராத வைஃபை

மதுரை திருநகர் வீட்டில் ஃபைபர் நெட் போட்டதிலிருந்தே அப்பாவின் டெஸ்க்டாப்புக்கு மட்டும் ஒரு வினோத வியாதி. கரண்ட் போய் வந்தால் சில நாள் வைஃபை கிடைக்கும். சில நாள் நம் வீட்டுப் பெயரே பட்டியலில் இருக்காது. அதே மேசையில் அம்மாவின் போனில் சீரியல் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்.

லோக்கல் ஆபரேட்டருக்குச் சொன்னதும் அன்று சாயங்காலமே ஒரு பையன் பைக்கில் வந்துவிட்டான். ரவுட்டரில் ஃபைபர் சிக்னல் போனால் எரியும் எல்ஓஎஸ் சிவப்பு விளக்கு எரியவில்லை, இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிற்கிறது, லைன் நன்றாக இருக்கிறது என்றான். அதுவரை சரி. அப்புறம், "சிஸ்டத்துலதாண்ணே பிரச்சினை, ஃபார்மட் அடிச்சிருங்க" என்றான். கடைக்காரர் ஏற்கெனவே காசு வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தாயிற்று. நம்மூரில் தலைவலிக்கும் ஃபார்மட்தான், வயிற்றுவலிக்கும் ஃபார்மட்தான்.

எந்த ரவுட்டர் எந்தச் சேனலில், அதாவது வைஃபை அலைவரிசையின் எந்தப் பிரிவில், ஓடுகிறது என்று காட்டும் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றை அம்மாவின் போனில் இறக்கிப் பார்த்தேன். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 1, 6, 11 சேனல்களில் நெருக்கியடிக்க, நம்முடையது மட்டும் 13-இல் ஒதுங்கியிருந்தது. சேனல் 'ஆட்டோ'வில் இருப்பதால், கரண்ட் வந்து ரவுட்டர் மறுபடி எழும்போதெல்லாம் காலியான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது. அப்பாவின் யூஎஸ்பி வைஃபை அடாப்டரோ அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற இந்த வைஃபை அலைவரிசையில் அங்கே வழக்கமாகப் புழங்குவது 11 சேனல்தான். அங்கே விற்கும் பல கருவிகள் 12, 13 பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. இந்தியாவில் 13 வரை உண்டு. ரவுட்டர் 13-இல் போய் உட்கார்ந்த நாளில் அடாப்டர் கண்ணில் அது படாது.

192.168.1.1 என்று அடித்தால் ரவுட்டர் பக்கம் வந்தது. ஆனால் அட்மின் பாஸ்வேர்டு பையனிடம்தான். திரையை மறைத்தபடி போட்டுக்கொடுத்தான், பிடிவாதக்காரன். ஆட்டோவை எடுத்துவிட்டு 6 வைத்ததும் பட்டியலில் வீட்டுப் பெயர் வந்து நின்றது. ரவுட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், போகவில்லை.

6-இல் கூட்டம் அதிகம் என்பதால் ராத்திரி நேரம் வேகம் கொஞ்சம் குறைகிறது. டவுன்ஹால் ரோட்டில், நெரிசல் குறைவான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் எடுக்கும் அடாப்டர் வாங்கலாம் என்றேன். "இருக்கறது போதும்" என்று சொல்லிவிட்டார் அப்பா.

பையன் கிளம்பும்போது, "கே.கே. நகர்ல ஒரு வீட்லயும் இதே கம்ப்ளைண்ட்ணே, அதுவும் வெளிநாட்டு லேப்டாப்தான்" என்றான். அங்கே என்ன செய்தாய் என்று கேட்டேன். ஃபார்மட் அடிக்கச் சொன்னானாம்.