லேபா, கோலாபா?

அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகமோ பாளையங்கோட்டைக் கல்லூரியோ, கணினி மாணவர்களுக்கு இந்தக் கேள்வி வரும்: கல்லூரி லேபா, சொந்த லேப்டாப்பில் கூகுள் கோலாபா (பிரவுசரிலேயே பைத்தான் கோடு எழுதி ஓட்டும் கூகுளின் இணையச் சேவை)?

டீப் லேர்னிங் (நிறையத் தரவைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறை) புராஜெக்ட் என்றால் கோலாப்தான். கணக்கீடு கூகுள் சர்வரில் நடப்பதால் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பே போதும். இலவசக் கணக்கிலும் ஜிபியு (இந்த வகைக் கணக்கீட்டை வேகமாகச் செய்யும் சிப்) தருவார்கள், ஆனால் எப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒரு செஷன் அதிகபட்சம் 12 மணி நேரம். சும்மா விட்டால் அதற்கு முன்பே துண்டித்துவிடும், அங்கிருந்த கோப்புகளும் போச்சு. அவ்வப்போது கூகுள் டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம், நெட் வேண்டும். மலையடிவார ஊர்க்காரர்களுக்கு இதுதான் தலைவலி.

சி, லினக்ஸ், நெட்வொர்க்கிங் பழக லேப் நல்லது. பிழை வந்தால் பக்கத்து சீட்டில் கேட்கலாம். என்ன, சாயங்காலம் பூட்டிவிடுவார்கள்.