எச்சரிக்கை: காதுக் குருத்தெலும்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூக்கில் சிலிக்கோன் வைத்தார்கள்

மூக்கில் ஒருமுறை அறுவை சிகிச்சை செய்து, அது சரியாக அமையாததால் மீண்டும் செய்துகொள்ள எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஓட்டல் அரங்குகளில் நடைபெறும் இலவச ஆலோசனை முகாம்களுக்குச் செல்ல நினைப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நான் சென்ற முகாமை நடத்தியது, வெளியூரில் இயங்கும் ஓர் அழகு அறுவை சிகிச்சை நிறுவனம். என் காதுமடலிலிருந்து குருத்தெலும்பை எடுத்து மூக்கில் வைப்பதாக எழுதிக் கொடுத்து, அதற்கெனத் தனிக் கட்டணமும் பெற்றுக்கொண்டு, காதைத் தொடாமலேயே ஒரு சிலிக்கோன் துண்டை உள்ளே வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள்.

தக்கலைக்கு அருகே நடந்த ஓர் இருசக்கர வாகன விபத்தில் என் மூக்கின் நடுச்சுவர் வளைந்து, ஒரு பக்கம் மூச்சு அடைத்துக்கொண்டது. அதை நேராக்கச் செய்த முதல் அறுவை சிகிச்சையில் குருத்தெலும்பு சற்று அதிகமாகவே வெட்டி எடுக்கப்பட்டது. மூக்குத் தண்டின் மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் குறைந்தது 10 மில்லிமீட்டர் அகலத்துக்காவது குருத்தெலும்பை விட்டுவைக்க வேண்டும் என்பார்கள். அது குறைந்தால் தாங்குவதற்கு ஆதாரம் இல்லாமல் தண்டு உள்ளே அமிழ்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் அமிழ்ந்தது. அதோடு மூக்கின் உள்வழி குறுகி, கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் மூச்சு தாராளமாக வரும் என்ற நிலையும் ஏற்பட்டது. ஆனாலும் அந்த முதல் மருத்துவர்மீது எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அவர் தம் அறுவைக் குறிப்பில் ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளின் அருமை எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

மறு அறுவை சிகிச்சையில் முதற்கேள்வி, புதிய குருத்தெலும்பு எங்கிருந்து வரும் என்பதே. நடுச்சுவரில் மிச்சம் இல்லாதவர்களுக்குக் காதுமடலிலிருந்தோ விலாவிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கும். முகாமில் என்னைப் பார்த்த மருத்துவர் இதைச் சரியாகவே விளக்கினார். காதுக் குருத்தெலும்பு போதும் என்றார். அதன்பின் பேசியதெல்லாம் 'கவுன்சலர்' என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்தான். முதல் சிகிச்சைக்குப் பின் ஓராண்டாவது பொறுத்திருந்து, வீக்கம் வடிந்து தழும்பு இளகிய பிறகே மறுபடி கத்தி வைப்பது வழக்கம். எனக்கு ஓராண்டு நிறையவில்லை என்று சொன்னபோது, "அதெல்லாம் பழைய முறை மேடம், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகை உண்டு" என்று அவர் பதில் அளித்தார். அறுவை சிகிச்சை செய்தவர் முகாமில் நான் பார்த்த மருத்துவர் அல்லர் என்பதும், மயக்க மருந்து கொடுக்கும் அறைக்குள் சென்ற பிறகே எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பின், தலைக்குத் தண்ணீர் விடாமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த என் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "மக்ளே, காதுக்குப் பின்னால ஒரு கீறலும் இல்லியே, எங்கேர்ந்து எடுத்தாங்க?" என்று கேட்டார். காதின் முன்புறக் குழிவு வழியாகவும் குருத்தெலும்பை எடுக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் எடுத்தாலும் தையல் இருக்கும், இரத்தம் கட்டாமலிருக்க அழுத்திக் கட்டிய பஞ்சு சில நாள்களாவது இருக்கும், தொட்டால் வலிக்கும். எனக்கு இவற்றுள் ஒன்றுமே இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, நவீன முறையில் தழும்பே தெரியாது என்று பதில் வந்தது. கட்டணப் பட்டியலில் காதுக் குருத்தெலும்பு எடுத்ததற்கான தொகை தனி வரியாக இருந்தது.

சிலிக்கோன் தன்னளவில் நஞ்சு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல நாடுகளில் மூக்குத் தண்டை உயர்த்த அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஏற்கெனவே கத்தி பட்டுத் தழும்பேறிய மூக்கில் இரத்த ஓட்டம் குறைவு. அங்கே வெளிப்பொருள் ஒன்றை வைத்தால் கிருமித் தொற்று ஏற்படவும், தோலை மெலிதாக்கித் துருத்திக்கொண்டு வெளியே வரவும் வாய்ப்பு கூடுதல். அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை நோயாளிக்குரியது. என்னிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில் சிலிக்கோன் என்ற சொல்லே இல்லை.

அதன்பின் நடந்தது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. மூக்கு அறுவைக்குப் பிறகு வீக்கம் முழுவதுமாக வடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். மறு அறுவை என்றால் இன்னும் தாமதமாகும். நுனிப் பகுதியில்தான் கடைசியாக வடியும். இவையெல்லாம் உண்மை. அந்த உண்மையையே அவர்கள் கேடயமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மூக்கு ஒரு பக்கமாக நகர்ந்ததாகச் சொன்னால் வீக்கம், தண்டு சிவந்திருப்பதாகப் படம் அனுப்பினால் வீக்கம், நுனி சூடாக இருப்பதாகச் சொன்னால் அதுவும் வீக்கம். இயல்பான வீக்கம் நாள் செல்லச் செல்லக் குறையும். காலையில் சற்று அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். குறைந்த பிறகு மீண்டும் கூடுவது, ஒரே இடம் சிவந்து பளபளப்பது, துடிப்பது போன்ற வலி, காய்ச்சல், துர்நாற்றத்துடன் நீர் வடிவது ஆகியவை வீக்கம் அல்ல. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் காத்திருக்காமல், அருகிலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும்.

நான் திருவனந்தபுரத்தில் வேறொரு மருத்துவரிடம் சென்றபோது அவர் கேட்ட முதற்பொருள் இரண்டாம் சிகிச்சையின் அறுவைக் குறிப்பு. என்னிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே. அதில் ஒற்றை வரியில் சிகிச்சையின் பெயர் இருந்தது. இரண்டும் வேறு வேறு ஆவணங்கள். எந்த வழியாகத் திறந்தார்கள், எதை வெட்டினார்கள், எங்கே எதை வைத்துத் தைத்தார்கள், வெளிப்பொருள் வைத்திருந்தால் அதன் நிறுவனம், அளவு, தொகுதி எண் என்ன என்பதெல்லாம் அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். நிறுவனத்திடம் கேட்டேன், அது மருத்துவமனையின் உள் ஆவணம், நோயாளிக்குத் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். இது பொய். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை ஒழுங்குமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும். அவற்றை 3 ஆண்டுகள் பாதுகாத்தும் வைக்க வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்பிய பிறகே ஒரு நகல் வந்தது. அதில், காதுக் குருத்தெலும்பு வைக்கப்பட்டதாகவே எழுதியிருந்தார்கள்.

சி.டி. ஸ்கேன் எடுத்தபோது குருத்தெலும்புக்கு ஒவ்வாத கூரான விளிம்புடன் ஒரு துண்டு தெரிந்தது. தொற்று இருந்ததால் முதலில் அதை அகற்றிவிட்டு, புண் ஆறித் திசு இளகும் வரை சில மாதங்கள் காத்திருந்து, அதன்பிறகே விலாக் குருத்தெலும்பை வைத்து மூக்கை நிமிர்த்தினார்கள். அகற்றிய துண்டைப் படமெடுத்து, அறுவைக் குறிப்பில் பதிவு செய்து, முத்திரையிட்ட புட்டியில் என்னிடமே ஒப்படைக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். இப்படிக் கேட்காவிட்டால் அது மருத்துவக் கழிவோடு போய்விடும். பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

தேறிவருவதைப் பற்றியும் சில சொற்கள். மூக்கைவிட மார்பு வலிதான் பெரிது. இருமல், தும்மல், சிரிப்பு மூன்றும் விலாவில் கத்தி இறக்கும். களியக்காவிளையிலிருந்து வீடு வரைக்கும் ஒவ்வொரு குழியையும் என் விலா எண்ணிக்கொண்டே வந்தது. மூக்கின் மேலிருந்த உறையை ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் சில வாரங்களுக்கு அதை மூக்குத் தண்டில் வைக்கக் கூடாது. மரச்சீனிக் கிழங்கைக்கூட மசித்துத்தான் தின்ன முடிந்தது. பெரும்பாலும் கஞ்சியும் பயறும். விலாக் குருத்தெலும்பு காலப்போக்கில் சற்று வளையக்கூடும் என்பதையும், நுரையீரல் உறை கிழியும் சிறிய ஆபத்து உண்டு என்பதையும் இந்த மருத்துவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்தார். இப்போது கன்னத்தை இழுக்காமல் மூச்சு வருகிறது. நுனியில் வீக்கம் இன்னும் இருக்கிறது.

பணம் கட்டும் முன்பே, அறுவை செய்யப்போகும் மருத்துவரின் பெயரையும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும், குருத்தெலும்பு எங்கிருந்து எடுக்கப்படும் என்பதையும், அது போதாவிட்டால் மாற்றாக எதை வைப்பார்கள் என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் நாளன்று அறுவைக் குறிப்பின் நகல் கையில் கிடைக்கும் வரை மீதித் தொகையைக் கட்டாதீர்கள்.

ஏமாற்றப்பட்டவர்கள் வெளியூர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிகிச்சை எங்கே நடந்திருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தவரான நமக்கு அது நாகர்கோவிலில் உள்ளது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகார்க் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும் என்பதால், "வீக்கம் வடியட்டும்" என்று யார் சொன்னாலும் அந்தக் கெடுவை மறந்துவிடாதீர்கள். என் புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தனியே கேட்பவர்களுக்கும் இப்போதைக்கு அதைச் சொல்ல இயலாது. பதிவுகளைக் கேட்டு நான் அனுப்பிய கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் தருகிறேன்.